‘சும்மாதான் இருக்கேன்’: ஆண் வேலை, பெண் வேலை என்பதை ஆய்வுத் துறைகள் எப்படி அளக்கின்றன?

முதுகலை ஆய்வேடு எழுதப்போகும் ஒருவரின் கேள்வி இது: “வழிவழியாக ஆணுக்கு இன்ன வேலை, பெண்ணுக்கு இன்ன வேலை என்று இருப்பதைப் பற்றி எழுத வேண்டும். பொருளியல், மானிடவியல், வரலாறு, தொல்லியல், உளவியல் என்று எந்தப் பக்கம் போனாலும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. யாரை நம்புவது? சிறிய அளவில் களஆய்வு செய்ய எங்கே தொடங்குவது?”

மறுப்பதுபோலத் தெரிவதில் பாதி மறுப்பே அல்ல. அந்தத் துறைகள் ஒரே பொருளை அளக்கவில்லை. ‘பாலினப் பாத்திரம்’ (gender role) என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: ஒருவர் செய்ய வேண்டும் என்று ஊர் சொல்வது, அவர் உண்மையில் செய்வது, அவர் செய்ததாக ஏட்டில் ஏறுவது, ஊர் என்ன நினைக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும், இந்த நான்கில் அதன் தரவு எதைச் சேர்ந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

ஏட்டில் ஏறுவதிலிருந்து தொடங்கலாம். மற்றத் துறைகள் எல்லாம் ஏதோ ஓர் ஏட்டை நம்பித்தான் நிற்கின்றன. இரண்டு மாடு வைத்துப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் பெண்ணிடம் “வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால் “இல்லங்க, வீட்டுலதான் சும்மா இருக்கேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ‘வேலை’ என்ற சொல் அவருக்குக் கூலியையும் வீட்டுக்கு வெளியே போவதையும் குறிக்கிறது. இந்தியாவின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் இதற்கென்றே இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இந்த இரண்டும் ‘உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே’ போய்விடும். பால் ஊற்றும் பெண் முறைப்படி இந்த இரண்டிலும் சேரமாட்டார், குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைப்பவர் என்ற குறியீட்டுக்குப் போக வேண்டும். கேட்பவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டால் 92இல் விழுந்துவிடுவார். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை பற்றிய கேள்வியோடு ‘பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் வேலை உட்பட’ என்ற தொடரைச் சேர்த்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டினின் பணியில் ஒரு பெரும்பகுதி பழைய அமெரிக்கக் கணக்கெடுப்புகளைத் திருத்தியதுதான். 19ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் மணமான பெண்ணின் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதிவைத்திருந்தார்கள். பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் அவர்கள் செய்ததைச் சேர்த்துப் பார்த்தபோது, உழைத்த மணமான பெண்களின் பங்கு ஏட்டில் இருந்ததைப் போல மூன்று மடங்கு வந்தது.

வருமானத்திலும் இதே கதைதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் ஒரே தம்பதியின் கருத்துக்கணிப்புப் பதிலையும் வருமான வரிப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில், கணவரின் வருமானம் வரிப் பதிவோடு ஒப்பிட 2.9 சதவீதப் புள்ளி கூட்டியும் மனைவியின் வருமானம் 1.5 சதவீதப் புள்ளி குறைத்தும் சொல்லப்பட்டிருந்தது. ‘ஆண்தான் குடும்பத்துக்குச் சம்பாதிப்பவர்’ என்ற எண்ணம், பதில் சொல்லும்போதே எண்ணை நகர்த்திவிடுகிறது. கருத்துக்கணிப்பை வைத்துக்கொண்டு அந்த எண்ணத்தை ஆராய்பவர், வளைந்த அளவுகோலால் வளைவையே அளக்கிறார்.

இந்த வளைவைக் குறைக்க வந்ததுதான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. இது ‘நீங்கள் யார்’ என்று கேட்பதில்லை. ‘நேற்று விடிகாலை 4 மணியிலிருந்து இன்று விடிகாலை 4 மணிவரை என்னென்ன செய்தீர்கள்’ என்று அரை மணி அரை மணியாகக் கேட்கிறது. இந்தியா 1998–99இல் ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா, தமிழ்நாடு, மேகாலயா ஆகிய ஆறு மாநிலங்களில் 18,591 வீடுகளில் இதை வெள்ளோட்டம் பார்த்தது. நாடு முழுவதுக்குமான முதல் கணக்கெடுப்பு 2019 ஜனவரி முதல் டிசம்பர்வரை 1,38,799 வீடுகளில் நடந்தது.

அந்த 2019 அறிக்கையைப் படிக்கும்போது பலர் சறுக்கும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கூலியில்லா வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்ற எண் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. பார்த்தால் மூன்றுக்கு ஒன்று. ஆனால் அது ‘பங்கேற்றவர்களின்’ சராசரி. அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்தவர்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. பெண்களில் 81.2 சதவீதம் பேர் கை வைத்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். பெருக்கிப் பாருங்கள்: 299 நிமிடத்தில் 81.2 சதவீதம் சுமார் 243 நிமிடம், 97 நிமிடத்தில் 26.1 சதவீதம் சுமார் 25 நிமிடம். எல்லாரையும் சேர்த்தால் விகிதம் கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்று. இரண்டு எண்ணும் அதே அறிக்கையில் இருப்பவை, இரண்டும் சரி. முதலாவது ‘செய்கிற ஆண் எவ்வளவு செய்கிறார்’ என்பதற்குப் பதில். இரண்டாவது ‘இந்த வேலை யார் தலையில் கிடக்கிறது’ என்பதற்குப் பதில். உங்கள் கேள்வி பாத்திரத்தைப் பற்றியது என்றால் இரண்டாவதுதான் வேண்டும், அதோடு பங்கேற்பு விகிதத்தைத் தனியாகத் தர வேண்டும். 2024 கணக்கெடுப்பில் பங்கேற்றவர் சராசரி 289, 88 என்று இருப்பதைப் பார்த்து ‘பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது’ என்று எழுதுபவர், ஆண்களின் எண்ணும் ஒன்பது நிமிடம் குறைந்ததைச் சேர்த்தே எழுத வேண்டும். இன்னொன்று: இந்தச் சராசரிகளில் 6 வயதுப் பிள்ளைகளும் அடக்கம். திருமணமானவர்களைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால், வயதுவாரி அட்டவணைக்குப் போங்கள்.

நேரக் குறிப்புக்கும் ஓட்டை உண்டு. சாம்பார் கொதிக்கும்போது பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, இடையில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அரை மணி நேரம் ‘சமையல்’ என்ற ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகிறது. கவனிப்பு வேலை பெரும்பாலும் இப்படி இன்னொரு வேலையின் நிழலில்தான் நடக்கிறது. அதைப் பிடிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் ‘கூடவே வேறென்ன செய்தீர்கள்?’, ‘யார் பக்கத்தில் இருந்தார்கள்?’ என்ற இரண்டு துணைக்கேள்விகள் வேண்டும்.

மனத்துக்குள் ஓடும் வேலை எந்தக் கட்டத்திலும் விழாது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019இல் 35 தம்பதிகளோடு பேசி, அதை நான்காகப் பிரித்தார்: முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தீ மஞ்சளாக எரிவதையும் சிலிண்டரின் எடை குறைந்ததையும் கவனிப்பவர் ஒருவர், போனில் புக் பண்ணுபவர் ஒருவர், வண்டி வரும்வரை வீட்டில் காத்திருப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் ஒருவர். கணக்கெடுப்பில் ‘சிலிண்டர் வாங்கியது: கணவர்’ என்று ஒரு வரி வரும். நான்கு வினைகளையும் தனித்தனியாகக் கேட்டால் வேறொரு படம் வரும். டாமிங்கர் கண்டதும் இதுதான். முடிவெடுப்பதில் இருவரும் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெண்கள் பக்கம் சாய்ந்து கிடந்தன.

பெயரைத் தேடாமல் வினையைத் தேடுவது என்ற இந்த வழியை வரலாற்றில் மிகத் துல்லியமாகச் செய்தது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம். மரியா ஓக்ரேன் தலைமையிலான குழு 16 முதல் 18ஆம் நூற்றாண்டுவரையிலான ஆவணங்களை, முக்கியமாக நீதிமன்றப் பதிவுகளை, வரி வரியாகப் படித்தது. ‘தொழில்’ என்ற பட்டத்தை ஒதுக்கிவிட்டு, ‘விறகு சுமந்தாள்’, ‘சந்தையில் விற்றார்’, ‘கடன் கொடுத்தாள்’ என்ற வினைத்தொடர்களைத் திரட்டியது. திருட்டு வழக்கில் சாட்சி சொல்பவர் தன் தொழிலைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வரவில்லை. ‘அந்த நேரம் நான் இன்னதைச் செய்துகொண்டிருந்தேன்’ என்று போகிறபோக்கில் சொல்கிறார். அதனால்தான் அது நம்பத்தக்கது. பட்டங்களில் ஆணும் பெண்ணும் வெகுதூரத்தில் நிற்க, வினைகளில் பல இடங்களில் ஒரே வயலில், ஒரே சந்தையில் இருந்தார்கள்.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சோழர் காலக் கோயில் பெண்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் பங்கும் கொடுத்ததைப் பெயர்பெயராகச் சொல்கிறது. பிற்காலத்துத் தேவதாசி முறையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர்கள், ‘சோழர் காலக் கோயில் பெண் என்றால் ஆடல் மகள்’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர், அந்த ஒரு கல்வெட்டோடு நிற்காமல் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, அந்தப் பெண் அங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்தார். விளக்கெரிக்கப் பொன் கொடுப்பவராக, நிலம் விடுபவராக, கொடையாளியாகத்தான் அவர்கள் பெரும்பாலும் வருகிறார்கள். தஞ்சைக் கல்வெட்டு பொதுவழக்கைக் காட்டுவது அல்ல, விதிவிலக்கு. ஒரு கல்வெட்டின் பிரமாண்டம் ஆயிரம் சிறு கல்வெட்டுகளை மறைத்துவிடும் என்பதை ஆய்வு மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலக்கியத்தைச் சான்றாக எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று தொடங்கும் புறநானூற்று 312ஆம் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடனைப் பிரித்துக் கொடுக்கிறது. ‘கடன்’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது, அது செய்ய வேண்டியதன் பட்டியல் என்று. அதை வைத்துச் சங்க காலத்தில் பெண்கள் பிள்ளை பெற்று வளர்த்ததோடு சரி என்று எழுதினால், அதே சங்கப் பாடல்களில் மீன் விற்கும் பெண்ணும் தெருவில் உப்பு விலை கூவும் பெண்ணும் எங்கே போவார்கள்? பாடியவர் பொன்முடியார், பெண்பாற் புலவர். அவர் செய்த வேலை அவர் கொடுத்த பட்டியலிலேயே இல்லை.

பொருளியலுக்கு வருவோம். பாத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு அங்கே அதிகம் பேசப்படும் பதில் ஏர். டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்டர் போசெரப் 1970இல் முன்வைத்த கருத்து: மண்வெட்டியால் கொத்தும் விவசாயத்தில் பெண்ணின் பங்கு பெரிது. மாட்டைக் கட்டி ஏர் பிடிக்கும் இடத்தில் மேலுடல் வலு வேண்டும், கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது, ஆகவே வயல் ஆணிடம் போகிறது, பெண் வீட்டுக்குள் போகிறாள். இதை அலெசினா, ஜூலியானோ, நன் மூவரும் 2013இல் சோதித்தார்கள். சோதித்த முறை கற்றுக்கொள்ள வேண்டியது. மானிடவியலாளர் மர்டாக் தொகுத்த, 1,265 சமூகங்களைக் கொண்ட இனவரைவியல் தொகுப்பில் எவர் முன்னோர் ஏர் பிடித்தவர்கள் என்று பார்த்தார்கள். அதை இன்றைய மக்கள்தொகையோடு மொழிவழியே இணைத்தார்கள். பெண்கள் வேலைக்குப் போகும் விகிதத்தோடும் மனப்பான்மைக் கேள்விகளோடும் ஒப்பிட்டார்கள்.

இதுவரை வெறும் தொடர்புதான். ‘பெண்ணை ஒடுக்கும் சமூகம்தான் ஏரைத் தேர்ந்தெடுத்தது’ என்று ஒருவர் திருப்பிச் சொல்லலாமே? அதற்காக மண்ணுக்குப் போனார்கள். கோதுமை, பார்லி, ரை ஏர் வேண்டும் பயிர்கள். சோளம், கம்பு, தினை ஏர் அவ்வளவாக வேண்டாதவை. எந்த நிலம் எந்த வகைக்கு ஏற்றது என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை, ஆகவே அதை வைத்து ஏரின் விளைவைப் பிரித்தார்கள். கடைசியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஏரையே பார்த்திருக்கமாட்டார்கள், எல்லாரும் ஒரே சட்டம், ஒரே சந்தைக்குள் வாழ்கிறார்கள். அப்படியும் ஏர் மரபில் வந்தவர்களிடம் பெண்கள் வேலைக்குப் போவது குறைவாகத்தான் இருந்தது.

அழகான வடிவமைப்பு. ஆனால் அதைக் காவிரிப் படுகைக்கு அப்படியே தூக்கி வந்தால் உடையும். இங்கேயும் ஏர் உண்டு, பிடித்தவர் ஆண். நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில். ஏர் பெண்ணை வயலிலிருந்து வெளியேற்றவில்லை, வயலுக்குள்ளே வேலையைப் பிரித்தது. பிரணாப் பர்தன் 1974இலேயே இந்தியாவின் நெல் பகுதிகளையும் கோதுமைப் பகுதிகளையும் பிரித்துப் பார்த்து, பெண்ணுழைப்பு அதிகம் தேவைப்படும் நெல் பகுதிகளில் பெண் குழந்தைகள் பிழைப்பது மேலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றார். எலியானா கரான்சா 2014இல் மாவட்ட அளவில் இறங்கி, வண்டல் கலந்த பொலபொலப்பான மண்ணையும் களிமண்ணையும் ஒப்பிட்டார். ஆழ உழ முடிகிற மண்ணில் களை குறையும், அதோடு பெண்ணாளுக்கான தேவையும் குறையும். அங்கே பெண்களின் வேலைப் பங்கும் குறைவு, பெண் குழந்தைகளின் விகிதமும் குறைவு. நாடுகளை ஒப்பிடும் ஆய்வு ஒரு சமூகத்துக்கு ஒரே குறி போடும், மாவட்ட ஆய்வு அந்தக் குறியை உடைக்கும். உங்கள் ஆய்வேட்டில் முதலாவதை மேற்கோள் காட்டினால் இரண்டாவதைப் பக்கத்திலேயே வையுங்கள்.

வேலை கருவியோடு நகர்கிறது என்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். கையால் நட்டபோது பெண் வேலையாக இருந்த நடவு, இயந்திரம் வந்த இடங்களில் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆணோடு நடக்கிறது. நெசவும் அப்படித்தான், இடத்துக்கு இடம் கை மாறும். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதம் பெண்கள். அசாமிலும் மணிப்பூரிலும் தறி பெண்ணுடையது. காஞ்சிபுரத்துக் குழித்தறியில் வழிவழியாக உட்கார்ந்தவர் ஆண், ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தவர் மனைவி. ஒரு தறிக்கு ஒரு பெயர் என்று பதிவேட்டில் எழுதினால், சேலைக்குள் இருக்கும் இன்னொருவரின் உழைப்பு எழுத்தில் வராது.

மர்டாக், புரோவோஸ்ட் இருவரும் 1973இல் 185 சமூகங்களில் 50 தொழில்நுட்ப வேலைகளை எடுத்து யார் செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டபோதும் இதுதான் தெரிந்தது. உலோகம் உருக்குவது எங்கும் ஆண், சமையல் பெரும்பாலும் பெண், நெசவும் பானை வனைவதும் சமூகத்துக்குச் சமூகம் மாறும். ஜூடித் பிரவுன் 1970இல் கொடுத்த விளக்கம் எளிமையானது: வீட்டுக்கு அருகில், ஆபத்தில்லாமல், இடையில் நிறுத்தித் தொடர முடிகிற வேலைகள் குழந்தை வளர்ப்போடு ஒத்துப்போகும், அவை பெண்ணிடம் சேரும். பிலிப்பைன்ஸின் அக்தா பெண்கள் வில்லும் நாய்களுமாக வேட்டைக்குப் போவதை 1985இல் பதிவுசெய்த ஆய்வு, இந்த விளக்கத்துக்கு எல்லை இருப்பதைக் காட்டியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு கைகள் இருந்தால் கணக்கு மாறுகிறது.

வேட்டையைப் பற்றிய அண்மை வாதம் குறியீட்டுப் பிழைக்கு ஒரு பாடம். 2023இல் வந்த கட்டுரை ஒன்று, 63 வேட்டைச் சமூகங்களில் 50இல், அதாவது 79 சதவீதத்தில், பெண்கள் வேட்டையாடியதற்குச் சான்று உண்டு என்றது. அடுத்த ஆண்டே விவேக் வெங்கட்ராமனும் வேறு பலரும் அதை மறுபரிசீலனை செய்தார்கள். சமூகங்களைத் தேர்ந்த முறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, சில சமூகங்களுக்குக் குறி தவறாக விழுந்திருக்கிறது, எப்போதாவது ஒருமுறை போனதும் வாரந்தோறும் போவதும் ஒரே ‘ஆம்’ ஆகிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பெண்கள் வேட்டையாடினார்கள் என்பதை அவர்களும் மறுக்கவில்லை. ‘உண்டா இல்லையா’ என்று குறி போட்டால் விதிவிலக்கும் வழக்கமும் ஒன்றாகத் தெரியும். உங்கள் படிவத்தில் ‘தினமும், வாரம் சில நாள், எப்போதாவது, ஒருபோதும் இல்லை’ என்று குறைந்தது நான்கு தெரிவுகளாவது இருக்கட்டும்.

தொல்லியலில் அடையாளப் பெயர் செய்யும் வேலை அப்பட்டமாகத் தெரிகிறது. ஸ்வீடனின் பிர்காவில் 1878இல் தோண்டிய ஒரு வைக்கிங் கல்லறையில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள் கிடைத்தன. உடனே ‘போர்வீரன்’ என்று எழுதினார்கள், நூறாண்டுக்கு மேல் அப்படியே இருந்தது. 2017இல் டிஎன்ஏ சோதனை அந்த எலும்பு பெண்ணுடையது என்றது. பிறகுதான், ஆயுதத்தோடு புதைத்தால் போர்வீரர் என்று ஆகிவிடுமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. அது நியாயமான கேள்விதான், ஆனால் ஆண் என்று நினைத்தவரை அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பெருவின் வில்லமாயா பட்ஷாவில் சுமார் 9,000 ஆண்டு பழமையான புதைகுழியில் வேட்டைக் கருவிகளோடு கிடந்தவர் பதின்வயதின் இறுதியில் இருந்த பெண் என்பதைப் பல் எனாமலில் இருக்கும் புரதம் 2020இல் காட்டியது. எலும்பின் பாலினத்தைப் புதைகுழியில் கிடைத்த பொருளை வைத்து ஊகித்துவிட்டு, பிறகு ‘ஆண்களோடு ஆயுதம் புதைத்தார்கள்’ என்று முடிவு எழுதினால் அது வட்டமடிக்கும் வாதம். பழைய அகழாய்வு அறிக்கைகளைப் படிக்கும்போது பாலினம் எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள்.

உடலியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘உடல்தான் பாத்திரத்தைத் தீர்மானிக்கிறது’ என்ற வாதத்துக்கு நல்ல எதிர்வடிவமைப்பு பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களை 2005இலும் மீண்டும் 2009இலும் அளந்த ஆய்வு. தந்தையானவர்களிடம் டெஸ்டோஸ்டெரோன் குறைவு என்பது முன்பே தெரியும். ஆனால் ஒரே ஒருமுறை அளந்தால், குறைவாக இருப்பவர்கள்தான் தந்தை ஆகிறார்களா என்று சொல்ல முடியாது. இரண்டுமுறை அளந்ததில், தொடக்கத்தில் அதிகமாக இருந்தவர்களே தந்தையானார்கள், ஆனபின் குறைந்தது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களிடம் மற்றத் தந்தையரைவிடக் குறைவாக இருந்தது. செய்யும் வேலை உடலை மாற்றுகிறது.

உளவியலில் நம் மாணவர்கள் அதிகம் எடுப்பது சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட பட்டியல்: 60 பண்புச் சொற்கள், 20 ஆண் தன்மை, 20 பெண் தன்மை, 20 பொது, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7வரை மதிப்பெண். அப்போதைய அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எதை ஆணுக்கு விரும்பத்தக்கது, பெண்ணுக்கு விரும்பத்தக்கது என்று நினைத்தார்களோ அதிலிருந்து தேர்ந்த சொற்கள் அவை. மொழிபெயர்த்து மதுரையில் கொடுத்தால் என்ன அளக்கிறோம் என்று தெரியாது. ‘அடக்கம்’ தமிழில் ஆணுக்கும் புகழ்ச்சி, குறள் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறது. முதலில் உள்ளூரில் 50, 60 பேரிடம் சொற்களைத் திரட்டி, பிறகு பட்டியல் கட்ட வேண்டும். உலக விழுமியங்கள் ஆய்வின் (World Values Survey) புகழ்பெற்ற கேள்வியும் இப்படித்தான்: வேலை அரிதாக இருக்கும்போது பெண்ணைவிட ஆணுக்கு அதிக உரிமை வேண்டுமா? ‘உரிமை’ என்று கேட்டால் சட்டம் நினைவுக்கு வரும், ‘முன்னுரிமை’ என்று கேட்டால் குடும்பம் நினைவுக்கு வரும். ஆம் என்பவர்களின் எண்ணிக்கை மாறக்கூடும். நான்கைந்து பேரிடம் கேள்வியை வாசித்துக் காட்டி, ‘இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் களத்துக்குப் போகாதீர்கள்.

நான்காவது விஷயத்தை, அதாவது ஊர் என்ன நினைக்கும் என்ற நினைப்பை, அளந்ததில் சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு சிறந்தது. பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று மணமான இளம் ஆண்களில் மிகப் பெரும்பான்மையினர் தனியாகக் கேட்டபோது சொன்னார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் அப்படி நினைக்கமாட்டார்கள் என்று அவர்களே நம்பினார்கள். சிலருக்கு மட்டும் உண்மை எண்ணைச் சொன்னதும், மனைவியை வேலை தேடித்தரும் சேவையில் பதிவுசெய்யச் சம்மதித்தவர்கள் கூடினார்கள். உங்கள் படிவத்தில் ஒரே கேள்வியை இருமுறை வையுங்கள்: ‘உங்கள் கருத்து என்ன?’, ‘உங்கள் தெருவில் பத்துப் பேரில் எத்தனை பேர் ஆம் என்பார்கள்?’ செலவில்லாத கூடுதல் தரவு.

இனி உங்கள் களஆய்வு. ‘பாரம்பரியப் பாத்திரங்கள்’ முழுவதையும் எடுக்காதீர்கள். ஓர் இடம், ஒரு வேலைத்தொகுதி போதும்: ஒரு கிராமத்தில் தண்ணீர், கால்நடை, சமையல் மூன்றும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 வீடுகள், வீட்டுக்குக் கணவர், மனைவி இருவர், ஆளுக்கு ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும். மொத்தம் 160 நாட்குறிப்புகள் வரும், ஒருவர் மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய அளவு. அரை மணிக் கட்டத்துக்குப் பதில் 15 நிமிடக் கட்டமாக, நாளுக்கு 96 கட்டம் வைத்தால் கலந்து செய்யும் வேலைகள் தப்பாது. பொங்கல் வாரத்தையும் கோயில் திருவிழாவையும் தவிர்த்துவிடுங்கள். நடவுக் காலமா, சும்மா இருக்கும் கோடையா என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், இரண்டும் வேறு வேறு ஊர் போல இருக்கும்.

கணவரையும் மனைவியையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் ஒரு பதில்தான் கிடைக்கும். தனித்தனியாக, முடிந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேளுங்கள். பெண்களை ஒரு பெண் கேட்பது நல்லது. ‘வேலை’ என்ற சொல்லையே எடுக்காமல், ‘எந்திரிச்சதும் என்ன செஞ்சீங்க? அப்புறம்?’ என்று போங்கள். அவர்கள் பேசும் சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘அவரும் ஒத்தாசை பண்ணுவாரு’ என்ற வாக்கியத்தில் ‘ஒத்தாசை’ என்ற சொல், அந்த வேலை யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘பாத்திரம் கழுவினார்’ என்று திருத்தி எழுதினால் அந்தத் தகவல் போய்விடும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக்கூடாது. ஆய்வு முடிந்து நீங்கள் போய்விடுவீர்கள், அந்தச் சண்டை அந்த வீட்டில்தான் இருக்கும்.

குறியீட்டை இருவர் தனித்தனியாகப் போட்டு, குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நாட்குறிப்புகளை ஒப்பிடுங்கள். இருவர் போட்ட குறி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹெனின் கப்பா 0.6க்குக் கீழே வந்தால் குறியீட்டு விதிகளை மறுபடி எழுத வேண்டும், ஆட்களைத் திட்டிப் பயனில்லை. ஆண்களின் நிமிடங்களில் நிறையப் பூஜ்யங்கள் வரும். அங்கே சராசரி மட்டும் போட்டால், ஒரே ஒரு சமையல்காரக் கணவர் மொத்த ஊரையும் நல்லவர்களாக்கிவிடுவார். பங்கேற்பு விகிதம், பங்கேற்றவர்களின் இடைநிலை (median), எல்லாரின் சராசரி மூன்றையும் கொடுங்கள். 40 வீடுகளை வைத்துச் சாதிக்குச் சாதி, வயதுக்கு வயது என்று பிரித்து முக்கியத்துவச் சோதனை போட வேண்டாம், ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தாறு வீடுதான் மிஞ்சும். அந்த இடத்தில் நேர்காணல்தான் பேச வேண்டும்.

ஒரே நாளைப் பற்றிக் கணவர் சொன்னதும் மனைவி சொன்னதும் பொருந்தாத கட்டங்கள் பல இருக்கும். ‘காலை 6.30: நானும் அவளும் சேர்ந்து தண்ணீர் எடுத்தோம்’ என்று ஒரு தாளிலும், ‘காலை 6.30: தண்ணீர் எடுத்தேன்’ என்று இன்னொரு தாளிலும் வரும். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை அழிக்காதீர்கள், இரண்டையும் கூட்டி வகுக்கவும் வேண்டாம். அந்தக் கட்டங்களை மட்டும் தனி அட்டவணையாக எடுத்து, எந்தெந்த வேலைகளில் இந்த இடைவெளி அதிகம் என்று பாருங்கள். உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கான தரவு அதுதான்.